'டிஸ்ஹார்ட்டன்ட்' என்றால் என்ன? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திருகோணமலை உவர்மலையில், வீட்டு விறாந்தையில் பின்னேர ஆங்கில வகுப்பு வைத்திருக்கிறேன். ஏ.எல். என்கிற உயர்தர வகுப்புப் பிள்ளைகளும் நியமனத்துக்குக் காத்திருக்கும் பட்டதாரிகளும் ஒரே வாங்கில் நெருக்கி இருப்பார்கள். எத்தனையோ சொற்கள் படிப்பித்தாலும் திரும்பத் திரும்பக் கேள்வி வருவது இந்த ஒரு சொல்லுக்குத்தான். எழுத்துக்கூட்டினால் டி, ஐ, எஸ், எச், ஈ, ஏ, ஆர், ரி, ஈ, என், ஈ, டி. பன்னிரண்டு எழுத்து. புதுப் பிள்ளைகள் சேரும்போதெல்லாம் முதலில் இருந்து சொல்லிக் களைத்துவிட்டேன். கொப்பியில் குறித்து வைத்திருந்த கேள்விகளைப் பதிலோடு இங்கே போட்டிருக்கிறேன்.

ரீச்சர், ஒரே வரியில் அர்த்தம் சொல்லுங்கோ.

மனம் விட்டுப்போன நிலை.

கொஞ்சம் நீட்டினால்: செய்துகொண்டிருந்த ஒன்றைத் தொடர, அல்லது நம்பியிருந்த ஒன்றை இன்னும் நம்ப, உள்ளுக்குள் தென்பு இல்லாமல் போவது. கொப்பியில் 'கவலை' என்று மட்டும் எழுதிவைக்கிற பிள்ளைகள் அரைவாசித் தூரத்தில் நின்றுவிடுகிறார்கள். கவலை எதற்கும் வரும், காரணமே இல்லாமலும் வரும். இந்தச் சொல் வருவதற்கு முன்னால் ஒரு முயற்சியோ ஒரு நம்பிக்கையோ இருந்திருக்க வேண்டும். படிக்காமல் சோதனைக்குப் போய்க் கோட்டைவிட்டவன் கவலைப்படலாம், வெட்கப்படலாம். இரவிரவாகப் படித்தும் புள்ளி ஏறாதவனுக்குத்தான் இந்தச் சொல் பொருந்தும்.

அப்படியென்றால் ஏமாற்றம்தானே? 'டிஸ்அப்பாயின்டட்' என்று எழுதினால் என்ன?

இதுதான் எல்லாக் கேள்வியிலும் நல்ல கேள்வி. அதனால் கடற்கரைக்குப் போவோம்.

சல்லி, நிலாவெளிப் பக்கம் கரைவலை இழுப்பதைப் பார்த்திருப்பீர்கள். தோணி வலையை வளைத்துப் போட்டுவிட்டு வரும். இரண்டு பக்கமும் ஆட்கள் கயிற்றை இடுப்பில் கொடுத்து, குதியை மணலில் ஊன்றி, பின்பக்கமாகவே நடப்பார்கள். கடைசி ஆள் மேட்டுக்கு வந்ததும் கயிற்றை விட்டுவிட்டுத் தண்ணீரடிக்கு ஓடி மறுபடி முதல் ஆளாகப் பிடிப்பான். வெயில் ஏற ஏற இழுப்பும் இறுகும். ஒருவழியாக மடி கரைக்கு வரும். அவிழ்த்துப் பார்த்தால் சொறியும் பாசியும், நடுவில் துள்ளுகிற நாலு சூடையும். அந்த நிமிசத்தில் இழுத்தவனின் முகத்தில் தெரிவதுதான் ஏமாற்றம். மடி வீங்கி வரும் என்று நினைத்தான், வரவில்லை. சொறியைக் காலால் தள்ளிவிட்டு, வெற்றிலை ஒன்றைப் போட்டுக்கொண்டு, அடுத்த வளைப்புக்கு ஆயத்தமாகிவிடுவான். அவன் டிஸ்அப்பாயின்டட். ஆனால் டிஸ்ஹார்ட்டன்ட் இல்லை.

இப்படியே நாலு நாள் போகட்டும். ஐந்தாம் நாள் விடியமுதல் சம்மாட்டி ஆளனுப்பிக் கூப்பிடும்போது, "போய் என்னத்துக்கு?" என்று சொல்லிப் பாயில் மற்றப் பக்கம் திரும்பிப் படுக்கிறானே, அவன்தான் டிஸ்ஹார்ட்டன்ட்.

முதற்சொல் நடந்து முடிந்ததைப் பார்க்கிறது. இரண்டாவது சொல் இனி எழும்பிப் போக வேண்டியதைப் பார்க்கிறது. அதனால்தான் ஒரே வாக்கியத்தில் இரண்டும் வரலாம்: "ஐ வாஸ் டிஸ்அப்பாயின்டட், பட் நொட் டிஸ்ஹார்ட்டன்ட்." ஏமாந்தேன், ஆனால் மனம் விட்டுவிடவில்லை. நேர்முகத்தேர்வில் தோல்வியைப் பற்றிக் கேட்டால் இந்த ஒரு வாக்கியம் போதும்.

டிஸ்அப்பாயின்ட் என்ற சொல்லின் பழைய அர்த்தம் பதவியில் இருந்து ஒருவரை இறக்குவது. அப்பாயின்ட்மென்ட் என்பதன் எதிர்ப்பக்கம். நியமனக் கடிதத்துக்காக ஆண்டுக்கணக்கில் காத்திருக்கும் என் வாங்குக்காரர்கள் இதைக் கேட்டதும் சிரித்த சிரிப்பு அவ்வளவு சந்தோசமான சிரிப்பு இல்லை.

எப்படி உச்சரிப்பது? நான் 'டிஷ்' என்று தொடங்கினேன், எல்லாரும் சிரித்தார்கள்.

சிரித்தவர்களும் முதல் நாள் அப்படித்தான் வாசித்தார்கள், கவலைப்படாதே. எஸ்ஸும் எச்சும் பக்கத்தில் நிற்பதைக் கண்டதும் கண் அதை 'ஷ்' என்று சேர்த்துவிடும். இங்கே சேர்க்கக் கூடாது. 'டிஸ்' ஒரு துண்டு, 'ஹார்ட்' அடுத்த துண்டு. நடுவில் மூச்சு கொஞ்சம் வெளியே வர வேண்டும். டிஸ் - ஹார்ட் - டன்ட். மூன்று அசை, அழுத்தம் நடு அசையில். பிரித்தானிய உச்சரிப்பில் ஆர் எழுத்து கேட்காது, 'ஹா' என்று நீளும். கடைசி 'டன்ட்' மிக மெலிதாக, அரைவாசி விழுங்கிய மாதிரி.

யாழ்ப்பாணத்துப் பழைய வாத்திமார் இதைத் தமிழில் எழுதினால் 'டிஸ்காற்றின்ட்' மாதிரி ஏதாவது எழுதியிருப்பார்கள். ஆங்கில ரி-க்கு றகரம் போடுவது அவர்கள் வழக்கம். நான் வாசிக்கச் சுலபமானதை எடுத்திருக்கிறேன்.

'டிஸ்ஹார்ட்டன்ட்', 'டிஸ்ஹார்ட்டனிங்' இரண்டும் ஒன்றுதானே?

இல்லை. இதற்கு நான் கொடுத்த விலையைச் சொல்கிறேன்.

படிப்பு முடிந்த கையோடு ஓர் அலுவலகத்துக்கு வேலை கேட்டு எழுதினேன். பதில் இல்லை. திரும்ப எழுதினேன். அதற்கும் இல்லை. மூன்றாவது கடிதத்தில் என் நிலைமையை விளக்குவதாக நினைத்து, "ஐ ஆம் வெரி டிஸ்ஹார்ட்டனிங்" என்று எழுதிப் போட்டேன். ஒரு கிழமை கழித்து நேரில் போனபோது, மேசைக்குப் பின்னால் இருந்தவர் அந்தக் கடிதத்தைத் தேடி எடுத்து, ஒருதரம் வாசித்து, சிரிப்பை அடக்கிக்கொண்டு பக்கத்து மேசைக்காரரிடம் நீட்டினார். எனக்கு ஏன் என்று விளங்கவில்லை. பஸ்ஸில் வரும்போதும் விளங்கவில்லை. பிறகு ஒருநாள் இலக்கணப் புத்தகம் ஒன்றைப் புரட்டும்போது காது சூடாகியது. நான் எழுதியதற்கு அர்த்தம் "எனக்கு மனம் விட்டுப்போச்சு" இல்லை. "என்னைக் கண்டால் மற்றவர்களுக்கு மனம் விட்டுப்போகும்" என்பது. அப்படி எழுதியவளுக்கு யார் வேலை கொடுப்பார்கள்?

மனம் விட்டுப்போன ஆளுக்கு 'டன்ட்'. மனத்தை விட்டுப்போகச் செய்கிற விசயத்துக்கு 'டனிங்'. 2022 மார்ச் கடைசியில் நாட்டில் ஒரு நாளைக்குப் பதின்மூன்று மணித்தியாலம் கரண்ட் இல்லாமல் இருந்தது ஞாபகம் இருக்கும். அந்த மின்வெட்டு டிஸ்ஹார்ட்டனிங். மெழுகுதிரிக்கு முன்னால் கணக்குக் கொப்பியைத் திறந்து, விசிறிக்கொண்டே இருந்து, கடைசியில் மூடி வைத்த பிள்ளை டிஸ்ஹார்ட்டன்ட். மண்ணெண்ணெய் இல்லாமல் கரையில் கிடந்த படகுகளைப் பார்ப்பது டிஸ்ஹார்ட்டனிங். படகுக்காரன் டிஸ்ஹார்ட்டன்ட்.

வினையாக 'டிஸ்ஹார்ட்டன்' என்றும் வரும். "டோன்ட் லெட் திஸ் டிஸ்ஹார்ட்டன் யூ", இது உன் மனத்தைத் தளர்த்த விடாதே.

இதற்குப் பின்னால் என்ன முன்னிடைச்சொல் வரும்?

காரணத்தைச் சொல்ல 'பை' போடுங்கள், பெரும்பாலும் போதும்: "டிஸ்ஹார்ட்டன்ட் பை த ரிசல்ட்ஸ்." செய்தியைக் கேட்டு என்றால் 'அட்' வரும்: "டிஸ்ஹார்ட்டன்ட் அட் த நியூஸ்." 'அபௌட்'டும் பேச்சில் கேட்கும். வினை வந்தால் 'டு': "டிஸ்ஹார்ட்டன்ட் டு ஹியர்", "டிஸ்ஹார்ட்டன்ட் டு ஸீ".

பிள்ளைகள் விடும் பிழை 'ஃப்ரம்'. தமிழில் 'ஆல்' என்று நினைத்து 'இருந்து' என்று போட்டுவிடுகிறார்கள். 'ஃப்ரம்' வருவது பக்கத்து வீட்டுச் சொல்லான 'டிஸ்கரேஜ்' என்பதற்கு, அதுவும் வேறு அர்த்தத்தில். "ஹிஸ் அங்கிள் டிஸ்கரேஜ்ட் ஹிம் ஃப்ரம் கோயிங் டு சீ" என்றால், கடலுக்குப் போக வேண்டாம் என்று மாமா மறித்தார், அந்த யோசனையைக் கைவிடச் செய்யப் பார்த்தார். அங்கே மனம் தளர்ந்ததா என்பது கேள்வியே இல்லை. புகைத்தலை டிஸ்கரேஜ் பண்ணலாம், டிஸ்ஹார்ட்டன் பண்ண முடியாது. சிகரட்டுக்கு ஏது மனம்?

"ஐ லாஸ்ட் மை ஹார்ட்" என்றும் சொல்லலாமா?

சொல்லலாம், ஆனால் வீட்டில் விசாரணை வரும்.

ஒரு பெண்பிள்ளை கட்டுரையில் எழுதியிருந்தாள்: "ஆஃப்டர் த எக்ஸாம் ஐ லாஸ்ட் மை ஹார்ட்." சோதனை முடிந்ததும் யாரிடமோ மனத்தைப் பறிகொடுத்துவிட்டாள் என்றுதான் ஆங்கிலக்காரன் விளங்கிக்கொள்வான். அவள் சொல்ல நினைத்தது "ஐ லாஸ்ட் ஹார்ட்." நடுவில் 'மை' இல்லை. 'லூஸ் ஹார்ட்' என்றால் மனம் தளர்வது, டிஸ்ஹார்ட்டன்ட் ஆவது. 'லூஸ் யுவர் ஹார்ட் டு' என்றால் காதல். இரண்டெழுத்துச் சொல் ஒன்றுக்கு இவ்வளவு பலம்.

'டேக் ஹார்ட்' என்றால் தெம்பு கொள்வது. அதிலும் 'மை', 'யுவர்' எதுவும் சேராது. சேர்த்தால் இதயத்தைக் கழற்றி எடுப்பது மாதிரி ஆகிவிடும்.

'ஹார்ட்லெஸ்' இதே அர்த்தமா?

இல்லவே இல்லை. அது ஈவிரக்கமில்லாத ஆள். கடன் கேட்டு வந்தவனை நாயை அவிழ்த்துவிட்டுத் துரத்துபவர் ஹார்ட்லெஸ். துரத்தப்பட்டவன் வேண்டுமானால் டிஸ்ஹார்ட்டன்ட்.

மனம் தளர்வதற்கும் இதயத்துக்கும் என்ன தொடர்பு? இதயம் இரத்தம் ஓட்டுகிற உறுப்புத்தானே?

உயிரியல் படிக்கும் பிள்ளையின் கேள்வி. வைத்தியருக்கு அது உறுப்பு. மொழிக்கு அது தைரியம் இருக்கும் இடம். ஆங்கிலத்தில் 'ஹார்ட்டன்' என்றால் தைரியம் ஊட்டுவது. அதற்கு முன்னால் 'டிஸ்' ஒட்டினால் ஊட்டியதைப் பறிப்பது. இப்படி ஒட்டிய சொல் 16ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஆங்கிலத்தில் வந்தது. 'ஹார்ட்' பழைய ஆங்கிலத்தின் சொந்தச் சொல், 'டிஸ்' பிரெஞ்சு வழியாக இலத்தீனில் இருந்து வந்தது. ஒரு சொல்லுக்குள் இரண்டு ஊர்க்காரர்.

இன்னும் சுவையானது 'டிஸ்கரேஜ்ட்'. அதிலே 'கரேஜ்' என்றிருப்பதும் இதயம்தான். இலத்தீனில் இதயத்துக்கு 'கோர்', அதிலிருந்து பழைய பிரெஞ்சில் 'கொராஜ்', அங்கிருந்து ஆங்கிலத்தில் 'கரேஜ்'. ஆக டிஸ்ஹார்ட்டன்ட், டிஸ்கரேஜ்ட் இரண்டும் ஒரே எலும்புக்கு இரண்டு தோல். அதனால்தான் பல இடங்களில் ஒன்றின் இடத்தில் மற்றதைப் போட்டாலும் வாக்கியம் நிற்கிறது.

தமிழிலும் தைரியம் நெஞ்சில்தான் குடியிருக்கிறது. நெஞ்சுரம், நெஞ்சழுத்தம் என்கிறோம். ஆனால் தளரும்போது நாங்கள் பெரும்பாலும் மனத்துக்கு மாறிவிடுகிறோம். நெஞ்சு தளர்ந்தது என்று எழுதலாம், வாயில் வருவது 'மனம் விட்டுப்போச்சு'தான். கிண்ணியா, மூதூர்ப் பிள்ளைகள் 'உட்டுப் போச்சு' என்பார்கள். கவனித்தால் இதிலும் ஒரு கண்ணாமூச்சி இருக்கிறது: 'மனம் விட்டுப் பேசினான்' என்றால் ஒளிக்காமல் பேசினான். 'மனம் விட்டுப்போச்சு' என்றால் தெம்பு போய்விட்டது. 'லாஸ்ட் ஹார்ட்', 'லாஸ்ட் மை ஹார்ட்' குழப்பத்தைப் பார்த்துச் சிரித்த வகுப்பிடம் இதை எழுதிக் காட்டினேன். தமிழைப் புதிதாகப் படிக்கிற வெள்ளைக்காரன் எவ்வளவு பாடுபடுவான் என்று அப்போதுதான் யோசித்தார்கள்.

இந்த உணர்வுக்கு மிகப் பொருத்தமான தமிழ் வினை ஒன்று இருந்து, எங்கள் பேச்சில் இருந்து கழன்று போய்விட்டது: அசாவுதல். "அருமை உடைத்தென்று அசாவாமை வேண்டும்" என்கிறது 611ஆவது குறள். செய்வதற்கு அரியது என்று எண்ணித் தளர்ந்துபோகாதே. வெறும் கவலை இல்லை, ஒரு வேலையின் முன்னால் நின்று தளர்வது. டிஸ்ஹார்ட்டன்ட் என்பதற்கு இவ்வளவு கிட்ட வருகிற ஒற்றைத் தமிழ்ச் சொல்லை நான் வேறு காணவில்லை. வகுப்பில் "அசாவிப் போனேன்" என்று சொல்லிப் பார்த்தோம். 'அவிச்சுப் போட்டேன்' மாதிரிக் கேட்குது என்று பின்வாங்கில் இருந்து குரல் வந்தது. விட்டுவிட்டோம்.

மொழிபெயர்ப்புத் தாளில் தமிழில் எப்படி எழுதுவது?

'மனந்தளர்ந்த', 'மனம் தளர்ந்து போனார்' என்று எழுதுங்கள். பாதுகாப்பானது. 'ஊக்கமிழந்த' என்பதும் சரி, கொஞ்சம் அறிக்கை வாசனை அடிக்கும். கதையிலோ உரையாடலிலோ வந்தால் 'மனம் விட்டுப்போச்சு' என்றே விடுங்கள்.

'இதயமிழந்த' என்று ஒருமுறை கண்டேன். அது சவச்சாலைச் சொல்.

'மனமுடைந்து' என்பதைத்தான் அதிகம் பேர் எழுதுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. பத்திரிகையில் 'மனமுடைந்த மாணவன்' என்று ஒரு தலைப்பைக் கண்டால் அடுத்த வரிக்குக் கண்ணைக் கொண்டுபோகவே பயமாக இருக்கும். அந்தச் சொல்லுக்கு நாங்கள் அவ்வளவு பாரத்தை ஏற்றிவிட்டோம். அது ஆங்கிலத்தில் 'ஹார்ட்புரோக்கன்' பக்கம் போகும், இழவு, பிரிவு, காதல் தோல்வி. தளர்ந்தது நிமிரும். உடைந்ததை ஒட்ட வேண்டும்.

'சோர்ந்து' என்றால் காய்ச்சல்காரனும் சோர்ந்துதான் கிடப்பான், ஆகவே 'மனம் சோர்ந்து' என்று மனத்தைச் சேர்த்து எழுதுங்கள். 'அலுத்துப்போச்சு' என்பது ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்த சலிப்பு, அதற்கு ஆங்கிலத்தில் 'ஃபெட் அப்'. 'விரக்தி'யில் கொஞ்சம் கோபமும் வெறுப்பும் கலந்திருக்கும்.

'டிப்ரஸ்ட்' என்று எழுதினால் இன்னும் அழுத்தமாக இருக்காதா?

அழுத்தத்துக்காக அந்தச் சொல்லை எடுக்காதீர்கள். ஒரு பாடத்தில் எஸ், அதாவது சாதாரண சித்தி, எடுத்ததற்கு "ஐ ஆம் டிப்ரஸ்ட்" என்று எழுதும் பழக்கம் வகுப்பில் பரவியிருக்கிறது. பேச்சு ஆங்கிலத்தில் இலேசான அர்த்தத்திலும் சொல்கிறார்கள்தான். ஆனால் அது மனச்சோர்வு என்ற நோயின் பெயரும்கூட. டிஸ்ஹார்ட்டன்ட் ஆனவருக்கு ஒரு குறிப்பிட்ட விசயத்தில்தான் மனம் விட்டிருக்கும். கணக்கில் மனம் விட்டவன் பின்னேரம் கிரிக்கெட்டுக்குக் கூப்பிட்டால் மட்டையைத் தூக்கிக்கொண்டு ஓடுவான். நோயில் அந்த மட்டையும் பிடிக்காது. இரண்டு கிழமை, அதற்கு மேலும், அநேகமாக எல்லா நாளும் எதிலும் நாட்டமில்லாமல், நித்திரையும் பசியும் குழம்பிக் கிடந்தால் அது இந்தப் பக்கத்தில் தீர்க்கிற சொல் பிரச்சினை இல்லை. வைத்தியரிடம் போக வேண்டும். தேசிய மனநல உதவி இலக்கம் 1926. ஆங்கிலப் பாடத்துக்கு நடுவில் இது ஏன் என்று கேட்காதீர்கள். வாங்கில் இருப்பவர்களில் யார் சொல்லுக்காகக் கேட்கிறார், யார் தனக்காகக் கேட்கிறார் என்று எனக்கு எப்போதும் பிடிபடுவதில்லை.

வேறு ஒத்த சொற்கள்?

'டிஜெக்டட்', கீழே எறியப்பட்டது என்பது இலத்தீன் மூலம். தலை தொங்கி, தோள் விழுந்து, பார்த்தவுடன் தெரிகிற மாதிரி. 'டிஸ்பொன்டன்ட்' இன்னும் ஆழம், நம்பிக்கை ஏறக்குறைய அற்றுப்போனது. 'டீமொரலைஸ்ட்' ஒரு குழுவுக்கு நன்றாகப் பொருந்தும். மூன்று ஆட்டம் தொடர்ந்து தோற்ற பாடசாலை அணி. 'கிரெஸ்ட்ஃபாலன்' எனக்குப் பிடித்தது. சண்டையில் தோற்ற சேவலின் கொண்டை சரிந்து விழுவது. மேடையில் தன் பெயரை எதிர்பார்த்துப் பாதி எழும்பியவன், அடுத்தவன் பெயரைக் கேட்டு மெல்ல இருக்கும்போது அந்தச் சொல்லை எடுங்கள். வேறு நேரத்தில் தேவைப்படாது.

எதிர்ச்சொல் கேட்டால் 'ஹார்ட்டன்ட்', 'என்கரேஜ்ட்'.

ஒருவரைத் தேற்ற "டோன்ட் பி டிஸ்ஹார்ட்டன்ட்" என்று சொல்லலாமா? பெரியவர்களிடம்?

இலக்கணத்தில் பிழை இல்லை, மரியாதைக் குறைவும் இல்லை. ஆனால் கொஞ்சம் மேடைப்பேச்சு மாதிரி இருக்கும். கடிதத்தில், பரிசளிப்பு விழாவில் நன்றாக நிற்கும். நேரே முகத்தைப் பார்த்துச் சொல்ல "டோன்ட் லூஸ் ஹார்ட்" இதமானது. சிநேகிதனிடம் "டோன்ட் கிவ் அப்" போதும்.

உத்தியோகக் கடிதத்தில் இந்தச் சொல்லுக்கு ஒரு நல்ல உபயோகம் உண்டு. கோபத்தைக் கண்ணியமாகக் காட்ட. "ஐ வாஸ் டிஸ்ஹார்ட்டன்ட் டு லேர்ன் தட்..." என்று தொடங்கினால், 'நீங்கள் செய்தது சரியில்லை' என்பதைச் சண்டை பிடிக்காமல் சொன்னதாகும். பிறகு என்ன நடந்தது என்று தேதியோடு எழுதுங்கள். 'வெரி, வெரி' என்று அடுக்காதீர்கள். அழுத்தம் வேண்டுமானால் 'டீப்லி' ஒன்று போதும்.

சிங்களத்தில் இதற்கு என்ன?

திருகோணமலையில் இருந்துகொண்டு கேட்க வேண்டிய கேள்வி. "அதைர்ய வென்ன எப்பா" என்பார்கள், மனந்தளர வேண்டாம் என்று. அந்த 'அதைர்ய' எங்கள் 'அதைரியம்'தான். இரண்டு மொழியும் வடமொழியில் இருந்து எடுத்த ஒரே சொல். ஆனால் போன இடத்தில் நிறம் மாறியிருக்கிறது. தமிழில் அதைரியம் என்றால் பயத்தின் பக்கம் சாய்கிறது, சிங்களத்தில் மனத்தளர்வின் பக்கம். இதைச் சொன்னபோது, மூன்று மொழியும் பேசுகிற கடைக்காரர் ஒருவரின் மகள், "அப்பா சிங்களத்தில ஆறுதல் சொல்லுவார், தமிழில ஏசுவார்" என்றாள். அது மொழியின் பிழையில்லை என்று சொல்லி வைத்தேன்.

ஏ.எல். மூன்றாம் தரமும் எழுதிவிட்டேன். என் நிலைமைக்கு எந்தச் சொல்?

பல்கலைக்கழகத்துக்கு மூன்று தரம்தான் கணக்கு. நாலாவது இல்லை. அந்தக் கதவு மூடிய கவலைக்கு டிஸ்அப்பாயின்டட் என்று எழுதலாம், யாரும் பிழை சொல்ல மாட்டார்கள். டிஸ்ஹார்ட்டன்ட் என்று எழுத வேண்டுமானால் நீ இப்போது எதைச் செய்ய மனமில்லாமல் இருக்கிறாய் என்று அடுத்த வாக்கியம் சொல்ல வேண்டும். நீ அன்றைக்கு மழைக்குள் குடையும் இல்லாமல் பாலையூற்றில் இருந்து சைக்கிளில் வகுப்புக்கு வந்தாய். அந்த அடுத்த வாக்கியத்தை உன்னால் எழுத முடியுமா என்று பார்.

நல்ல விசயம் ஒன்றுக்கு இந்தச் சொல்லைச் சொல்லலாமா? அது பிழையா?

கடைசிக் கேள்வி, கிண்ணியாவில் இருந்து வரும் பையன் ஒருவனுடையது.

இப்போது பிள்ளைகள் பாலத்தால் பஸ்ஸில் பறந்து வருகிறார்கள். 2009இல் அந்தப் பாலம் திறக்கும்வரை கடலைக் கடக்கப் பாதை என்று நாங்கள் சொல்லும் மிதவைதான். வரிசை, காத்திருப்பு, வெயில். பாதை வருமட்டும் நிற்கிற சனத்துக்கு அவனுடைய மூத்தவாப்பா தேத்தண்ணிக் கடை வைத்திருந்தாராம். பாலம் திறந்தது, சனம் நிற்கவில்லை. கேத்தில் கொதித்துக்கொண்டே இருந்தது. அவன் எழுதியிருந்தது: "மை க்ரான்ட்ஃபாதர் வாஸ் டிஸ்ஹார்ட்டன்ட் வென் பிரிட்ஜ் வாஸ் ஓப்பன்ட்." பக்கத்தில் இருந்தவன் மறித்திருக்கிறான், பாலம் நல்லதுதானே, ஆஸ்பத்திரிக்குப் போகிறவனுக்கு எவ்வளவு உதவி, அதற்கு எப்படி டிஸ்ஹார்ட்டன்ட் என்று எழுதுவாய் என்று. இருவரும் கொப்பியோடு என்னிடம் வந்தார்கள்.

சொல் பாலத்தைப் பார்ப்பதில்லை, அதைப் பார்த்துக்கொண்டு நின்ற ஆளைப் பார்க்கிறது என்றேன். ஊருக்கு நல்லதாக இருக்கலாம், கேத்திலுக்குப் பக்கத்தில் நின்றவருக்கு அடுத்த நாள் கடை திறக்க மனம் வராமல் போயிருக்கலாம். இரண்டும் ஒரே நாளில் நடக்கும். "திறந்தாரா?" என்று மற்றவன் கேட்டான். "ஒரு கிழமை திறக்கல்ல. பிறகு பாலத்தடியில கொண்டுபோய்ப் போட்டார்" என்றான் இவன்.

வாக்கியம் சரி. 'பிரிட்ஜ்' என்பதற்கு முன்னால் ஒரு 'த' மட்டும் போட்டுக் கொடுத்தேன்.